போன வருஷத்துக் கைதட்டல்

ஒரு மனுஷன் பொய் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பொய்க்கு நம்மையே கைதட்ட வைத்தான் என்றால் பொறுக்க முடியுமா? அவளால் முடியவில்லை.

போன வருஷம் அவளுடைய பிறந்தநாளுக்குப் புருஷன் தன் ஆபீஸ் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். கல்யாணமாகி இந்த அந்நிய ஊருக்கு வந்த பிறகு அவளுக்கு அது முதல் பிறந்தநாள். "ஜாம்ஜாம்னு கொண்டாடிடுவோம்" என்றான். கொண்டாடுவது என்றால் அவன் கணக்கில் ஆட்களைக் கூப்பிடுவது. மீதியெல்லாம் அவள் பாடு. விடிவதற்கு முன்பே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், குழம்பு, வறுவல், சோறு, பாயசம் என்று முடித்து இடுப்பை நிமிர்த்தும்போது வாசல் மணி அடித்தது. புடவையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். கேக் வெட்டினார்கள், சாப்பிட்டார்கள். அவன் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ பேசினான். பெண்களெல்லாம் நெஞ்சில் கைவைத்து உருகினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு வார்த்தையும் புரியாமல், நம்மைப் பற்றித்தான் ஏதோ நல்லதாகச் சொல்கிறான் என்று நினைத்து, அவளும் பல்லெல்லாம் தெரியத் தட்டினாள்.

"உனக்கு எதுக்கு இந்த ஊர் பாஷை? அதான் நான் இருக்கேன்ல" என்பான் அவன். கடைக்கும் அவன்தான், டாக்டரிடமும் அவன்தான். டாக்டர் அவளிடம் கேட்கும் கேள்விக்கு அவனே யோசித்து அவனே பதில் சொல்வான். வலி மட்டும் அவளுடையது.

எத்தனை நாளைக்கு ஊமையாக இருப்பது? அவன் ஆபீஸ் போனதும், தெருமுனை நூலகத்தில் இலவசமாக நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அவனிடம் மூச்சு விடவில்லை. முதலில் பஸ்ஸில் சொல்லும் அறிவிப்பு புரிந்தது. அப்புறம் மேல்வீட்டுச் சண்டை புரிந்தது. ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே, ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்த பழைய பிறந்தநாள் வீடியோவைப் போனில் போட்டாள். அதுவும் புரிந்தது.

'இன்று என் மனைவியின் பிறந்தநாள். அதனால் அவளைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. நீங்கள் சாப்பிட்டதெல்லாம் நான் ஒருவனாகச் சமைத்தது.'

இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். அவன் பேச்சைக்கூடக் கேட்டுவிடலாம். பக்கத்தில் இளித்துக்கொண்டு கைதட்டும் அந்த அசடைத்தான் பார்க்க முடியவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்டால், "சும்மா தமாஷுக்குச் சொன்னேன், இதைப் போய் பெருசு பண்றியே" என்பான். விஷயம் நாலு சுவருக்குள் ஆறிப்போகும். அது அவளுக்குப் போதாது. அன்றைக்குக் கைதட்டின அத்தனை பேருக்கும் யார் கைச் சமையல் என்று தெரிய வேண்டும். கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் என்னவோ ஆபீஸில் தங்கமான புருஷன் என்று பேரெடுத்து வளைய வந்தான். மேலதிகாரியின் மனைவி ஒருத்தி உண்டு. ஆள் நல்ல உயரம், இவள் மனசுக்குள் அந்த அம்மாவுக்கு நெட்டையம்மா என்று பேர் வைத்திருந்தாள். "அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அந்த அம்மா தன் புருஷனை இடித்துக்கொண்டே இருப்பாளாம். இதைச் சாப்பிடும்போது அவனே சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்து, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இந்த வருஷமும் கூப்பிட்டான். அவள் நெட்டையம்மாவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள், அந்த ஊர்ப் பாஷையில், ஒரு பிழையில்லாமல். 'இந்த முறை என் கணவர் சமைப்பதை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள எல்லாரும் காலையிலேயே வந்துவிடுங்கள். அவரிடம் சொல்லாதீர்கள். ஆச்சரியமாக இருக்கட்டும்.'

பிறந்தநாள் காலையில் நிதானமாகத் தலைக்குக் குளித்தாள். பட்டுப்புடவையை ஒவ்வொரு மடிப்பாக நீவிக் கட்டினாள். அவன் கைலியோடு வந்து மூக்கை உறிஞ்சினான்.

"என்ன, ஒரு வாசனையும் காணோம்?"

"வரும் வரும்."

வந்தது வாசல் மணி. கதவைத் திறந்தால் மொத்த ஆபீஸும் நிற்கிறது. நெட்டையம்மா கையோடு ஒரு சமையல் அங்கி கொண்டுவந்து அவன் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். கைலிக்கு மேல் பூப்போட்ட அங்கி. எல்லாரும் அவனைத் தள்ளிக்கொண்டுபோய் அடுப்பு முன்னால் நிறுத்தினார்கள். மேடையில் முழுக் கோழி, உரிக்காத வெங்காயம், கழுவாத அரிசி. பிறந்தநாள்காரி சோபாவை நன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த மின்அடுப்பில் பூட்டுப் பொத்தான் ஒன்று உண்டு. அதைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் அடுப்பு வேலை செய்யும். அவனுக்கு அது தெரியாது. அவன் எங்கெங்கோ தொட, அடுப்பு கீச்சுக்கீச்சென்று கத்தியது. மேலதிகாரி எட்டிப் பார்த்து, பூட்டை விடுவித்துக் கொடுத்தார். சிரிப்பு. அவன் ஒரு அலமாரியைத் திறந்தான், தட்டுகள் இருந்தன. இன்னொன்றைத் திறந்தான், துடைக்கிற துணி இருந்தது. வெங்காயத்தைத் தோலோடு நறுக்க ஆரம்பித்தபோது சிரிப்பு மெதுவாக அடங்கியது. நெட்டையம்மாவின் நெற்றி சுருங்கியது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கத்தியும் கையுமாக அவளிடம் வந்து குனிந்தான்.

"வந்து செஞ்சு குடுத்துடேன். மானம் போகுது. உப்பு எங்க இருக்குன்னாவது சொல்லித் தொலை."

தமிழ்தானே, யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம். அவள் சோபாவில் சாய்ந்தபடி, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி, அந்த ஊர்ப் பாஷையில் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"உப்பு எங்கே என்றா கேட்கிறீர்கள்? போன வருஷம் நீங்கள் ஒருவராகச் சமைத்தபோது எங்கே இருந்ததோ, அங்கேதான் இருக்கிறது. என்னைத்தான் சமையலறைப் பக்கமே விடவில்லையே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குப் பாஷை தெரியும், எல்லாம் தெரியும், நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்கு அந்த ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மேலதிகாரி கூரையைப் பார்த்தார். நெட்டையம்மா அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"அப்படியானால் அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது?"

"நான் சமைத்தது."

நெட்டையம்மா அவள் பக்கம் திரும்பி நின்று கைதட்டினாள். பின்னாலேயே எல்லாரும் தட்டினார்கள். அவள் எழுந்து அவனை ஒட்டி நின்றாள். அங்கியின் முடிச்சைச் சரிசெய்வதுபோல அவன் காதருகே நெருங்கி, தமிழில், அவனுக்கு மட்டும் சொன்னாள்.

"நீங்களும் தட்டுங்க. போன வருஷம் நான் தட்டலையா?"

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.