நால்வர் குழு

அந்த இணைய வகுப்பின் ஆசிரியர் வாயைத் திறந்தால், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். முகமே காட்டாத முப்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்து இப்படிச் சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்! மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கும் அவளுக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதில் தேறினால்தான் காலியாக இருக்கும் மேற்பார்வையாளர் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் காலம் முழுக்கப் பெட்டிதான்.

குடும்ப உணர்வை வளர்க்க ஆசிரியர் கண்டுபிடித்த வழி, நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு கிடங்குத் திட்டம் போடுவது. முடித்ததும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும்; தேர்ச்சி அதை வைத்துத்தான். அவள் குழுவில் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கடைக்காரர், அப்புறம் அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்கு வேலை அதே கிடங்கில், இருப்பு அதே வீட்டில், அடுத்த அறையில். அந்த மகாராணி ஒரு நாளாவது சுவரைத் தாண்டி வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டாளா? குழுவின் வாட்ஸ்அப்பில் மட்டும் தினமும் ஒரு குட்மார்னிங், ஒரு பூ. மற்ற இருவரும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், அத்தோடு சரி.

இதுகளை நம்பினால் நடுத்தெருதான் என்று அவளே உட்கார்ந்தாள். சீக்கிரம் காலாவதியாகும் மருந்து முன்வரிசையில், குளிரில் வைக்க வேண்டியது தனி அறையில் என்று முழுத் திட்டத்தையும் வரைந்து நான்கு பேர் பெயரிலும் அனுப்பினாள். தண்டங்கள், தொலைந்து போகட்டும் என்று மூவருக்கும் முழு மதிப்பெண்ணும் போட்டாள்.

முடிவு வந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு போனைப் பார்த்தாள். திட்டத்துக்கு முதலிடம். அவளுக்கு மட்டும் தேர்ச்சி இல்லை. 'குழுவோடு கலந்து பழகவில்லை' என்று மூவருமே பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

நாத்தனார் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தாள்.

"அண்ணி, நான் பாஸ்!"

"எனக்கு ஏன் பூஜ்யம் போட்ட?"

"குரூப்ல ஒரு குட்மார்னிங்காவது சொன்னீங்களா அண்ணி? இல்லாதத எப்படிப் போடறது?"

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. மிச்சப் பாத்திரத்தைத் தேய்க்கத் திரும்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை நாத்தனார் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், கிடங்கு ஆட்களுக்கு ஒரு குழு தொடங்கியது. 'குட்மார்னிங், நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று செய்தி வந்து விழுந்தது. கூடவே ஒரு பூ.

த்தூ, என்ன பிழைப்பு இது! பெட்டிகளுக்கு நடுவே நின்று அவளும் 'குட்மார்னிங்' என்று தட்டினாள். பிறகு தேடிப் பிடித்து ஒரு பூவும் அனுப்பினாள்.