இருபத்தேழு இஞ்சு

தையல்காரரின் வீடு வாரத்துக்கு ஒன்பது இஞ்சு வீதம் எதிர்வீட்டை நோக்கி நகர்ந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. முதலில் கண்டுபிடித்தது குழாய் ரிப்பேர்காரர்தான். தண்ணீர்க் குழாய் பின்சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒன்பது இஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகி இணைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னொரு துண்டு. மூன்றாவது வாரம் யாரும் கூப்பிடாமலே துண்டோடு வந்து நின்றார். நகராட்சி எஞ்சினியர் வந்து அஸ்திவாரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "வீடு நகர்கிறது. காரணம்: நகர்வு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். தையல்காரரின் மனைவி புருஷனைத்தான் திட்டினாள். ஒரு வீட்டை ஒரு இடத்தில் வைத்திருக்கத் துப்பில்லாத மனுஷன் என்பது அவள் கட்சி.

காரணம் தெரிந்த ஒரே ஆள், தையல்காரரின் பதினாறு வயது மகள். எதிர்வீடு கணக்கு டீச்சருடையது. டீச்சருக்கு ஒரே மகன். கால் நீளத்தால் அவனை ஊரே கொக்கு என்று கூப்பிட்டது. ஒருநாள் பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்தவன், வீட்டு முன்னறைத் தையல்கடையில் பறந்த பஞ்சு மூக்கில் ஏறி மூன்று முறை தும்மினான். மூன்றாவது தும்மல் தையல் மெஷின் மேல் விழுந்தது. உடனே மெஷினைப் பார்த்து, "சாரி" என்றான். மனிதர்களைப் பார்த்துச் சொல்லவில்லை, மெஷினைப் பார்த்துத்தான் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது. அந்த நிமிஷம் வீடு லேசாக ஒரு குலுங்கு குலுங்கியதை அவள் மட்டும் கவனித்தாள்.

அவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று அவளே பல முறை உட்கார்ந்து யோசித்தாள். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. காது இரண்டும் கதவு திறந்த மாதிரி நிற்கும். மாடி ஜன்னலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே பாடுவான். பாட்டிலும் நுரை வரும். கணக்கு டீச்சர் பெற்ற பிள்ளை கணக்கில் மட்டும் தவறாமல் ஃபெயில் ஆவான். இந்தக் குறைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். அந்த வாரமும் ஒன்பது இஞ்சு. அவனை மறந்தே தீர்வது என்று ஒரு வாரம் ஜன்னல் பக்கமே போகவில்லை. அப்போதும் ஒன்பது. வீடு யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவே அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்வார். மகள் எழுதிக்கொள்வாள். வாயால் சொன்ன அளவை மனசில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. கடையில் இருந்தது ஒரே அளவு நோட்டு. அதில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? அவள் கை தானாகவே கொக்கின் பக்கத்தைத்தான் புரட்டியது. 'நீளம்' என்ற தலைப்பின் கீழே நாற்பத்தொன்று என்று இருந்தது. அதற்குக் கீழே நூற்றெண்பது என்று எழுதினாள். பிறகு நூற்று எழுபத்தொன்று. பிறகு நூற்று அறுபத்திரண்டு. அவன் பக்கத்தில் தன் கையெழுத்து இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. வீடுகள் மோதிக்கொள்ளுமே என்றுகூட அவள் பயப்படவில்லை. ஏன் இப்படி நகர்கிறது என்று யாராவது கேட்டு, அது கொக்கின் காதில் விழுந்து, அவன் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

பேன்ட்டை அடுத்த வாரம் தருவதாகத் தையல்காரர் சொல்லியிருந்தார். தையல்காரர்களின் அடுத்த வாரம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முறை அது பதினேழு வாரம் கழித்து வந்தது. அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு: காத்திருக்கிற காலத்தில் ஆட்கள் வளர்ந்துவிடுவதால், பக்கத்தின் கடைசி எண்தான் செல்லும். அவர் பக்கத்தைப் புரட்டினார், கடைசி எண்ணைப் பார்த்தார், வெட்டினார். வெட்டும்போது அவர் ஆளை நினைப்பதில்லை.

மறுநாள் காலை கணக்கு டீச்சர் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். வருவதற்கு ஓர் எட்டு வைத்தாலே போதுமாக இருந்தது. கொக்கின் புதுப் பேன்ட் கெண்டைக்கால் பாதியிலேயே முடிந்துபோயிருந்தது.

"என்னங்க இது? என் பையன் என்ன, நாத்து நடவா போறான்?"

"நோட்டுல உள்ள அளவுதான் டீச்சர். ஒரு நூல் பிசகாது."

டீச்சர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். எண்களின் மேல் விரல் இறங்கியது. முகத்தில் இருந்த கோபம் போய்த் தொழில் வந்துவிட்டது. "ஒம்பது ஒம்பதா குறையுது. இது பேன்ட் அளவா, கூட்டுத் தொடர்வரிசையா?"

தையல்காரரும் எட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம வீட்டு அளவாச்சே! இந்தப் பையன் பக்கத்துல எதுக்கும்மா எழுதுன?"

மகளின் உதட்டில் ஆறு குண்டூசிகள் இருந்தன. உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். காது சூடாகிப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. வீடு நகர்ந்ததே தவிர, அந்த உதவியைச் செய்யவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவள் அம்மா, மகள் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், பதினேழு வாரமாகத் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. டீச்சருக்கும் விடை கிடைத்துவிட்டது.

கொக்கு குனிந்து நோட்டைப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்துகொண்டே வந்தன.

"அப்ப இன்னும் இருபத்தேழு இஞ்சுதானா?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துவிட்டு, "ஒம்பதால வகுத்தா மூணு. மூணு வாரம்" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் சரியாகப் போட்ட முதல் வகுத்தல் அது. டீச்சர் சண்டை போட வந்ததையே மறந்து நின்றுவிட்டார். தையல்காரரின் மகள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

"ஆமா. மூணு வாரம்" என்றாள்.

ஆனால் மூன்று வாரம் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு தையல்காரர் அளந்தபோது பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் இருந்தது. தன் வீடு போன வாரம் நின்ற இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் தன் வீடு வழக்கப்படி ஒன்பதுதான் வந்திருக்கிறது. மீதி ஒன்பது எதிர்வீடு நகர்ந்து வந்தது. மகள் அந்தக் கோட்டையும் எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். குழாய் ரிப்பேர்காரருக்கு அன்றிலிருந்து இரண்டு வீடு.

அதற்கடுத்த வாரம் இரண்டு வீடுகளும் தலைக்கு நாலு இஞ்சு நகர்ந்து, ஒரே ஒரு இஞ்சு இடைவெளியில் நின்றன. மோதவில்லை. ஏன் என்று எஞ்சினியர் மண்டையை உடைத்துக்கொண்டார். "தையலுக்கு ஒரு இஞ்சு விட வேணாமா சார்?" என்றார் தையல்காரர். எஞ்சினியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் அந்த இரண்டு பேரும் மாடி ஜன்னல்களில் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு, பல் தேய்க்கும்போது பாடக்கூடாது என்று அவள் ஒருநாள் சொல்லப்போய் சண்டை வந்தது. அவன் கப்பல் வேலைக்குப் போனான். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவுக்குத் தலைவி ஆனாள். இருவரும் வேறு வேறு ஆட்களைக் கட்டிக்கொண்டு, வேறு வேறு ஊர்களில் நன்றாகவே இருந்தார்கள். பிறகு யாரைப் பிடித்தபோதும் எந்தச் சுவரும் அசையவில்லை. அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அவள் அந்த ஒரு இஞ்சில் விரலை விட்டுப் பார்ப்பாள். அவனிடம் என்ன இருந்தது என்று இன்னமும் அவளுக்குத் தெரியாது.

வீடுகள் திரும்பிப் போகவில்லை. தெருதான் வேறு வழியில்லாமல், தையல்காரர் வீடு காலி செய்துவிட்டு வந்த இடத்தின் வழியாகப் பின்பக்கம் சுற்றிப் போகப் பழகிக்கொண்டது. நகராட்சி வரைபடத்தில் அங்கே ஒரு சின்ன வளைவு இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்து வழி கேட்பவர்களுக்கு மூலைக்கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் சொல்வார்:

"நேரா போங்க. நடுவுல ஒரு பொண்ணுக்கு ஒரு பையனப் புடிச்சுப் போச்சு. அங்க மட்டும் இடது பக்கம் வளைஞ்சு போங்க."