அரை ஓட்டு

சபையில் ஆளுங்கட்சிக்கு நாற்பது பேர், எதிர்க்கட்சிக்கு நாற்பது பேர். இரண்டிலும் சேராமல் ஒருவன் இருந்தான், ஒரு லிஃப்ட் மெக்கானிக். தேர்தலில் தனியாக நின்றபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் ஜெயித்துவிட்டான். ஓட்டு சமமாகப் போனால் சபாநாயகர் ஒரு ஓட்டுப் போடலாம். அவர் ஆளுங்கட்சியில் வளர்ந்தவர், எப்படிப் போடுவார் என்பது சபை வாசலில் தூங்கும் நாய்க்குக்கூடத் தெரியும். ஆகவே இவன் எதிர்த்து ஓட்டுப் போட்டால் மட்டும் அரசாங்கம் விழும். பத்திரிகைக்காரர்கள் 'தராசு முள்' என்று பெயர் வைத்தார்கள்.

"முள்ளுன்னா குத்தணும்" என்றாள் அவன் மனைவி. பஸ் கண்டக்டர். "நீங்க வீட்டுச் சாவியவே தொலைச்சிட்டு வாசல்ல முழிக்கிற ஆளு."

அவன் கேட்டது ஒரே ஒரு பக்கச் சட்டம். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கினால் மெயின் சுவிட்சைப் பூட்ட வேண்டும், அந்தச் சாவி இறங்கியவன் பையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் அவன் மச்சான் இருந்தான். மனைவியின் ஒரே தம்பி, இவனிடமே வேலை கற்றவன். அவன் குழிக்குள் இருந்தபோது ஆறாவது மாடிக்காரர் லிஃப்ட் வரவில்லை என்று கத்தினார், வாட்ச்மேன் சுவிட்சைத் தட்டிவிட்டான். லிஃப்டில் நசுங்கிய மச்சான் ஐந்து மணி நேரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அக்கா வெளியூர் பஸ்ஸில் இருந்தாள். இவன் ஊரின் மறுகோடியில் இன்னொரு லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தான். "முடிச்சிட்டுப் போ" என்றார் சூப்பர்வைசர். முடித்துவிட்டுப் போனான். போனபோது கட்டில் காலி. "வாசலையே பாத்துக்கிட்டிருந்தார்" என்றாள் நர்ஸ். அந்த வார்த்தையைக் கணவனும் மனைவியும் பதினோரு வருஷமாக வீட்டில் எடுத்ததில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு பட்ஜெட் ஓட்டெடுப்பு. இவன் ஆதரித்தால் பட்ஜெட்டோடு அந்தச் சட்டத்தையும் சேர்ப்பதாக ஆளுங்கட்சி ஒப்புக்கொண்டிருந்தது. கட்டட முதலாளிகள் முகம் சுளித்தார்கள். சுளித்தாலும் வேறு வழியில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு எதிர்க்கட்சிக் கணக்கு வாத்தியார் போன் செய்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு சபைக்கு வந்த மனிதர். "தம்பி, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

போனான். வாத்தியாரின் மனைவிக்கு பதினொரு மணிக்கு இருதய ஆபரேஷன். அறைக்கு வெளியே எதிர்க்கட்சிக் கொறடாவின் ஆள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றான். கட்சிக்காரர்களைக் கணக்குப் பார்த்து ஓட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதுதான் கொறடாவின் வேலை. கீழே கார் தயாராக இருந்தது.

"ஜோடி கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்றார் வாத்தியார்.

சபையில் அது பழைய வழக்கம். ஒருத்தருக்கு வர முடியாத நிலை என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருத்தர் வராமல் இருந்துவிடுவார். கொறடா அறையில் இருக்கும் ஜோடிப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் போதும், கணக்கு கெடாது.

"நான் வரலைன்னா நீ எதிர்த்துப் போட்டாலும் நாப்பதுக்கு நாப்பது. சபாநாயகர் மிச்சத்தைப் பாத்துக்குவார். அப்புறம் உன்னை யார் தேடுவா? உன் சட்டம் போச்சு. நான் வந்தா உனக்கு மதிப்பு இருக்கு. உன் மச்சான் விஷயம் எனக்குத் தெரியும். உன்கிட்ட கேக்காம முடிவு பண்ண மனசு வரலை. இவளை உள்ளே தள்ளிட்டுப் போன கையோட கார்ல ஏறினா, பன்னெண்டுக்கு வந்துடுவேன். என்ன சொல்றே?"

கட்டிலில் இருந்த அம்மா முந்திக்கொண்டார். "இவர் இங்க உக்காந்து என்ன பண்ணப் போறார்? டாக்டருக்குக் கத்தியா எடுத்துக் குடுக்கப் போறார்? கூட்டிட்டுப் போங்க தம்பி. இருந்தா என் நாடியை எண்ணி எண்ணியே அதை நிறுத்திடுவார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அவர் விரல்கள் வாத்தியாரின் சட்டைக் கை பட்டனைப் பிடித்திருந்தன. பேசும்போதும் விடவில்லை, சிரிக்கும்போதும் விடவில்லை. வாத்தியார் அந்தக் கையை அசைக்காமல், மறு கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

மெக்கானிக் தலையை ஆட்டினால் போதும். ஆட்டவில்லை. "பத்தரைக்குப் போன் பண்றேன் சார்" என்று கிளம்பிவிட்டான்.

ஆளுங்கட்சிக் கொறடாவின் அறையில் காபி ஆறிக் கிடந்தது. கொறடா குண்டு மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலையில் கெட்டி.

"வாத்தியாருக்கு ஜோடி போடுங்க" என்றான் மெக்கானிக்.

"நீ எந்தக் கட்சிடா இன்னைக்கு? ஜோடி போட்டா எனக்கு என்ன வரும்? அவர் வரலைன்னா உன் தயவே எனக்குத் தேவையில்ல."

"அவர் வருவார். நான் ஒரு போன் போட்டா வருவார்."

கொறடா தன் மேசைப் போனை அவன் பக்கம் தள்ளினார். "போடு. பெண்டாட்டியை விட்டுட்டு வாங்க சார்னு சொல்லு. உனக்குச் சட்டம், எனக்கு பட்ஜெட். போடேன்."

மெக்கானிக் போனைப் பார்த்தான். அதைத் தூக்கினால் பூட்டு வரும், சாவி வரும், எத்தனையோ குழிகளில் எத்தனையோ பேர் உயிரோடு ஏறி வருவார்கள். எல்லாம் தெரியும். கை மட்டும் மேசைக்கு மேலே வர மறுத்தது. வாசலையே பார்த்துக்கொண்டு ஒரு ஆள் படுத்திருப்பது அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

கொறடா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெரிஞ்சுக்கிட்டேன். நீ கூப்பிட மாட்டே."

"ஆனா அவங்க கார் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குது. நான் கூப்பிடாமலும் வரலாம். அவர் ரொம்ப யோக்கியர்."

"அதுவும் சரிதான்" என்று கொறடா தாடையைத் தடவினார். "அப்போ நீ இப்போ அரை ஓட்டு. அரை ஓட்டுக்கு ரெண்டு வரம் கிடையாது. ஜோடியா, சட்டமா? ஒண்ணு சொல்லு."

"ஜோடி."

"யோசிச்சுச் சொல்லு. பதினோரு வருஷமா தலையில வச்சுக்கிட்டு அலையுறே."

"ஜோடின்னு சொல்லியாச்சு."

கொறடா ஒரு காகிதத்தை நீட்டினார். "சட்டத்தை வாபஸ் வாங்குறேன், பட்ஜெட்டை ஆதரிக்கிறேன்னு எழுது. புத்தகத்துல கையெழுத்து விழுந்ததும் நீ மறுபடி முழு ஓட்டு ஆயிடுவே. அப்போ வந்து என் கழுத்தைப் பிடிப்பே. நான் சின்னப் பிள்ளையா?"

எழுதிக் கொடுத்தான். கொறடா தன் கட்சியில் ஒரு ஆளைக் கூப்பிட்டு "வீட்டுக்குப் போய் தூங்கு" என்றார். அந்த ஆள் காரணம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு கொறடா எதிர்க்கட்சிக் கொறடாவுக்குப் போன் போட்டார். பத்து நாற்பதுக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து விழுந்தது. மெக்கானிக் வாத்தியாருக்கு இரண்டே வார்த்தை சொன்னான்: "வர வேண்டாம்."

பன்னிரண்டு மணிக்கு இருக்கையில் உட்கார்ந்திருந்தான். எதிரே பச்சை பட்டன், சிவப்பு பட்டன். சிவப்பை அழுத்தினால் முப்பத்தொன்பதுக்கு நாற்பது, அரசாங்கம் கவிழ்ந்துவிடும். கொறடா கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் வேர்வை. ஒரு காகிதம் யாரையும் கட்டிப் போடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மெக்கானிக்குக்கு பட்டன் அழுத்துவது புதிதில்லை. பச்சையை அழுத்தினான்.

எதிர்க்கட்சி வரிசையிலிருந்து "விலை போயிட்டான்டா" என்று ஒரு குரல் வந்தது. வெளியே மைக்குகள் வாயருகே வந்தன. "சட்டம் என்ன ஆச்சு? என்ன வாங்கினீங்க?" அவன் அவற்றை விலக்கிக்கொண்டு நடந்தான். என்ன சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கும் போலிருந்தது. ஒரு ஆள் தன் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக, குழிக்குள் இறங்கும் அத்தனை பேரையும் இவன் பூட்டில்லாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அதைப் பெருமையாகச் சொல்ல வழியில்லை.

மத்தியானம் அவள் வண்டி வரும் நிறுத்தத்தில் போய் நின்றான். ஏறினான். கூட்டமில்லை.

"எங்கே?" என்றாள், டிக்கெட் கட்டைப் பிரித்தபடி.

"உன்கிட்டதான்."

"அந்த ஸ்டாப் இந்த ரூட்ல இல்ல. கடைசி வரைக்கும் கிழிக்கிறேன்." டிக்கெட்டை நீட்டினாள். முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ரேடியோவுல கேட்டேன். சட்டத்தைப் பத்திப் பேச்சே இல்லையே."

சொன்னான். போன், புத்தகம், சட்டைப் பட்டன், எல்லாம். நடுவில் இரண்டு நிறுத்தம் வந்தது. அவள் எழுந்து போய் ஆட்களை ஏற்றி, சில்லறை கொடுத்து, மணி அடித்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

சொல்லி முடித்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அவன் பேரை அந்தச் சட்டத்துக்கு வைப்பாங்கன்னு நினைச்சிருந்தேன்" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"அந்தம்மா முழிச்சிட்டாங்களா?"

"தெரியலை. பயத்துல கேக்கலை."

வண்டி வளைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கமான குரலுக்கு வந்தாள். "அடுத்த ஓட்டு எப்போ?"

"மூணு மாசம்."

"அதுவரைக்கும் எண்பது பேருக்கும் ஜலதோஷம்கூட வராம பாத்துக்கோங்க."

அவன் சிரித்துவிட்டான்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்க யாருமில்லை, ஏறவும் யாருமில்லை. அவள் ஒற்றை மணி அடித்தாள். வண்டி நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யாரும்மா?"

"ஒரு ஆள் இருக்கார், இருங்கண்ணே." தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவன் கையில் திணித்தாள். "வாத்தியார் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டார். போய்ப் பக்கத்துல உக்காருங்க. பேச வேண்டாம், சும்மா உக்காருங்க."

"டிக்கெட் கடைசி ஸ்டாப் வரைக்கும் இருக்கே."

"மிச்சத்துக்கு நான் போய்க்கிறேன். இறங்குங்க."

இறங்கினான். அவன் சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழையும் வரை வண்டி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், பின்னால் வந்த லாரிக்காரன் கத்தினான். அதற்குப் பிறகுதான் அவள் இரட்டை மணி அடித்தாள்.