ஒரு சின்ன பார்சல்தான்

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு விசா ஒரு கண்டம். அதைத் தாண்டினால் பார்சல் ஒரு கண்டம். ஒரு பிள்ளை கிளம்பப்போகிறது என்று ஒருவர் காதுக்கு எட்டினால் போதும், அங்கே ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பவர்களின் அம்மாக்கள் ஆளுக்கொரு பையோடு வாசலில் வந்து நிற்பார்கள். "ஒரு சின்ன பார்சல்தான்" என்பார்கள். அந்தச் சின்னதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அமுக்குணி கிளம்பிய அன்றும் அதே கதைதான். அமுக்குணி என்பது கூடப் படிக்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். வாயைத் திறக்க மாட்டாள், எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்வாள், அதனால் பெயர் பொருத்தம்தான். அவள் சேரப்போகும் பல்கலைக்கழகத்திலேயே அவளுக்கு மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் அக்கா. அக்காவின் அம்மாவும் இவள் அம்மாவும் ஒரே அலுவலகம். "ஏர்போர்ட்டுக்கு எம்பொண்ணு வந்துடுவா. அவ ரூம்லயே தங்கிக்கட்டும். நீங்க கவலையே படாதீங்க" என்று அந்த அம்மா சொன்ன ஒரு சொல்லுக்காக, குக்கர், ஊறுகாய் ஜாடி, மசாலாப் பொடி எல்லாம் இவள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தன.

விமான நிலையத்துத் தராசு ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, அமுக்குணி தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அக்காவின் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு மேலே விட்டத்தைப் பார்த்தார். அடுத்தவர் சாமானில் கை வைக்கலாமா? இவள் அம்மா மகளின் கம்பளியையும் ஸ்வெட்டரையும்தான் எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள்.

அந்தப் பக்கம் இறங்கியதும் அக்கா வந்தாள். சொன்ன சொல் தவறாமல் வந்தாள். அங்கேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, குக்கரை ஆட்டிப் பார்த்து, ஊறுகாய் கசிந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து, எல்லாவற்றையும் தன் பையில் அடுக்கிக்கொண்டாள்.

"ரூம்மேட் ஒத்துக்க மாட்டேங்கறாம்மா. நீ எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறிப் போயேவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தை அமுக்குணி முன்பின் தெரியாத பெண்களின் கூடத்தில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில், குளிக்கிற துண்டைப் போர்த்திக்கொண்டு ஓட்டினாள். பல் தந்தியடிக்கும்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொண்டாள். வயிறு எரிந்ததில் கொஞ்சம் சூடாவது கிடைத்தது.

பிறகு எல்லாம் அமைந்தது. ஒரு அறையில் பாதி கிடைத்தது, உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற பகுதிநேர வேலை கிடைத்தது, எந்தக் கடையில் எந்தக் கிழமை காய்கறி மலிவு என்பதும் பிடிபட்டது. அக்காவை வளாகத்தில் பார்த்தால் அவள் சிரிப்பாள், இவளும் சிரித்து வைப்பாள். உள்ளே கறுவிக்கொண்டே இருந்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். அக்காவும் ஒருநாள் நாலு பேர் முன்னால் மண்டி போட்டு, தன் பொருளைத் தானே எடுத்து வெளியே போட வேண்டும். எதற்காக என்று அவளுக்குத் தெரியவும் வேண்டும். தெரியாவிட்டால் பழி வாங்கி என்ன புண்ணியம்?

நேரம் வந்தது. அக்கா படிப்பு முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்புகிறாள். பார்சலுக்குப் பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை, கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய ரூம்மேட் மாணவர் குழுவில் 'ஒரு படுக்கை காலியாகிறது' என்று போட்டதை அமுக்குணி பார்த்துவிட்டாள். அவள் செய்ததெல்லாம், துணி துவைக்கிற இடத்தில் மெஷின் சுற்றும்போது பக்கத்துப் பெண்ணிடம், "அக்கா ஊருக்குக் கிளம்பறாங்களாமே?" என்று கேட்டதுதான். அதற்குமேல் ஒரு துரும்பைக்கூட அவள் நகர்த்தவில்லை. எல்லாப் பெண்களும் அவரவர் அம்மாவிடம் சொல்ல, எல்லா அம்மாக்களும் அக்காவின் அம்மாவுக்குப் போன் போட, அந்தப் புண்ணியவதி எல்லாருக்கும் "தாராளமா குடுத்து விடச் சொல்லுங்க" என்றார்.

தன் பங்குக்கு அமுக்குணி ஒரு இரும்பு வாணலி வாங்கினாள். கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எது மணிக்கட்டை மடக்கியதோ அதை எடுத்தாள்.

"நம்ம வீட்ல இல்லாத வாணலியாடி?" என்றாள் அம்மா போனில்.

"ஆசையா வாங்கினேம்மா" என்றாள். பொய்யில்லை, நிஜமாகவே ஆசையாகத்தான் வாங்கினாள்.

வழியனுப்பவும் கூடவே போனாள். "லீவு போட்டுட்டு வரியா? எவ்ளோ நல்ல பொண்ணு நீ!" என்று அக்கா உருகினாள்.

கவுன்டரில் இருந்த பெண் எடையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓரமாக வந்து, மண்டி போட்டாள். அமுக்குணி கையைக் கட்டிக்கொண்டு கண் குளிரப் பார்த்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அக்காவின் கை முதலில் வாணலிக்குத்தான் போனது. அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வீடியோ காலில் வந்தார்.

"அடுத்தவங்க சாமான்ல கை வைக்காதடி! எல்லார்கிட்டயும் வாக்கு குடுத்துட்டேன். என் மானமே போயிடும்!"

கோட்டு வெளியே வந்தது. பூட்ஸ் வந்தது. ஆசை ஆசையாகச் சேர்த்த கண்ணாடிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக வந்தன. வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

அமுக்குணி குனிந்தாள். "எப்படி இருக்குக்கா?"

"என்னது?"

"இப்படித்தான் நானும் எடுத்துப் போட்டேன். உங்க குக்கருக்காக என் கம்பளிய எடுத்துப் போட்டேன். நீங்க குக்கர வாங்கிட்டு என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனீங்க. இந்தப் பார்சல் அத்தனையும் என் வேலைதான்!"

வாழ்நாளில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. இப்போது அந்த முகம் மாறும், குற்றவுணர்ச்சியில் சுருங்கும் என்று இமைக்காமல் பார்த்தாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். நன்றாக உற்றுப் பார்த்தாள். நடிப்பு துளியும் இல்லை.

"அது நீயா? குக்கர் கொண்டாந்தது ஒரு குண்டுப் பொண்ணுல்ல? அந்த வருஷம் நாலஞ்சு பேர் கொண்டு வந்தாங்கம்மா, எனக்கு எந்த முகமும் ஞாபகம் இல்ல. ஐயோ பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டியா? மனசுல எதுவும் வெச்சுக்காத, என்ன?"

அமுக்குணி ராத்தூக்கம் இல்லாமல் வளர்த்த பகைக்கு அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை.

பெட்டியை மறுபடி தராசில் ஏற்றியதும் எடை சரியாக நின்றது. அக்காவின் முகம் மலர்ந்தது. தரையில் கிடந்த கோட்டு, பூட்ஸ், கோப்பை எல்லாவற்றையும் வாரி எடுத்து அமுக்குணியின் கையில் அடுக்கினாள்.

"இதெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்மா. அடுத்து யாராவது ஊருக்கு வந்தா குடுத்து விடு. கோப்பைய மட்டும் துணி சுத்தி வை, உடைஞ்சிடும்."

முடியாது என்று கத்தத்தான் அமுக்குணி வாயைத் திறந்தாள்.

"சரிக்கா" என்று வந்தது.

அக்கா கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அமுக்குணி முழங்கை வரை சாமானோடு அங்கேயே நின்று, தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டாள்.