ஏழாம் எண் கோழி

திங்கட்கிழமைதோறும் பத்துக் கடைகளில் பத்துக் கோழி வாங்குவது என் வேலை. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பெயரே கோழியக்கா. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கிராம் வெட்டியெடுத்து, அதில் வளரும் கிருமியை எந்த மருந்து கொல்கிறது, எது கொல்வதில்லை என்று பார்ப்போம். கடைப் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். மிச்ச இறைச்சியை எரித்துவிட வேண்டும்.

எரிப்பதாவது! முழுக் கோழியை எரித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் அதே கடையில் இன்னொன்று வாங்க எனக்கென்ன பைத்தியமா? பதினோரு வருடமாக வாரம் ஒன்று என் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. கொதித்தால் எந்தக் கிருமியும் சாகும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் கொண்டுபோனது ஏழாம் எண்.

கோழி வெந்தது, வெள்ளரிக்காய் வேகவில்லை. கோழி நறுக்கிய பலகையை ஒப்புக்குக் கழுவி, அதிலேயே வெள்ளரிக்காயை நறுக்கியவள் நான்தான். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் தம்பி அந்த வெள்ளரிக்காயை இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அவன் மனைவிக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போயிற்று. அவனோ சிறுநீரகம் மாற்றியவன். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையில் வாழ்கிறவன்.

புதன்கிழமை காய்ச்சல். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி, அது எதுவென்று தெரிய மூன்று நாள் ஆகும், அதுவரை வழக்கமான மருந்து என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் ஏழாம் எண் கோழியின் கிருமியை வளர்த்த தட்டைப் பார்த்தேன். அதில் ஆறு மருந்து வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் வட்டம் தெரியும். தம்பிக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தின் வில்லையை ஒட்டிக் கிருமி கொழுத்து வளர்ந்திருந்தது. ஆறாவது வில்லையைச் சுற்றி மட்டும்தான் வட்டம்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"டாக்டர், வேற மருந்து குடுத்துப் பாக்கலாமே?" ஆறாவது மருந்தின் பெயரைச் சொன்னேன்.

"அது வேற வழியே இல்லன்னாதான் குடுக்கறதும்மா. எதை வெச்சு கேக்கறீங்க?"

பக்கத்தில் தம்பி மனைவி நின்றிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் வேலை போகும். அப்புறம் இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"சும்மாதான் கேட்டேன் டாக்டர்."

அவனுடையது வேறு கிருமியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதே கிருமிதான். ஆறாவது மருந்துக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் தம்பி போய்விட்டான்.

"இது பெரும்பாலும் கோழியில இருந்து வர்றது. ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அவர் போனதும் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பாவி கடையில அண்ணி அந்தக் கோழிய வாங்கினீங்க? உங்க வேலையே இதானே? நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். "வெள்ளிக்கிழமை காலையிலயே."

அவள் கையை விடவில்லை. நான் சொன்னது அவளுக்கு இன்னும் புரியவில்லை. மீதியையும் சொல்லத் தொடங்கினேன்.