ஒரெஸ்ட் நின்றுபோகும் சனிக்கிழமை

ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வெர்னா நிலவறையில் ஃபிரீசரின் பிளக்கைப் பிடுங்கினாள். மேலே சமையலறையில் அவள் கணவன் ஒரெஸ்ட், ஆண்டுதோறும் நடப்பதுபோல, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நின்றுபோனான். மூச்சு இல்லை, நாடி இல்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஃபிரீசருக்குள் குனிந்து கடமான் இறைச்சி எடுக்கும்போது அவனுக்கு நெஞ்சு வலித்தது. அதிலிருந்து இப்படித்தான். முதல் முறை பிளக்கைப் பிடுங்கியபோது மருத்துவர் வந்து இறந்த நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டார். வெர்னா சுத்தம் செய்து முடித்துப் பிளக்கைச் செருகியதும் ஒரெஸ்ட் கண்ணைத் திறந்து, "பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வரக் கூடாதா டாக்டர்?" என்றான். மருத்துவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மனிடோபாவின் அந்தச் சிற்றூரில் அதன்பின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வெர்னாதான் பார்த்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை ஃபிரீசரின் பின்பக்கத் தூசியை உறிஞ்சி எடுத்தாள். மூடியின் இடுக்கில் ஐந்து டாலர் நோட்டை வைத்து இழுத்து, ரப்பர் பிடிக்கிறதா என்று பார்த்தாள். புயலில் மின்சாரம் போனால் ஜெனரேட்டரை இழுத்து வந்தாள். மகள் கல்யாணத்துக்கு வின்னிபெக் போனபோதும் ஓர் இரவுக்குமேல் தங்கவில்லை. உறைபனி இரண்டு விரல் கனத்தால் மோட்டார் திணறும். ஒரெஸ்டும் படியேற மூச்சு வாங்குவான்.

"அடியே, வெளுத்துப் போய்க் கெடக்கேன். எப்பதான் சுத்தம் பண்ணப் போற?"

"ஒனக்கென்ன, நாள் பூரா செத்துக் கெடப்ப. முதுகு ஒடையறது எனக்குத்தான்."

இம்முறை நான்கு விரல் கனம். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரி, ஃபிரீசரைவிடக் குளிர். இறைச்சிப் பொட்டலங்களையும் பெரோகிக் கொழுக்கட்டைப் பைகளையும் பின்வாசல் பனியில் அடுக்கினாள். வெந்நீர்ப் பாத்திரங்களை உள்ளே வைத்து, இளகிய பனியை மரக்கரண்டியால் நெம்பினாள். கத்தி படக் கூடாது. குழாய் ஓட்டையானால் குளிர்வாயு போய்விடும், ஒரெஸ்டும் போய்விடுவான். பதினொரு வாளித் தண்ணீரை மேலே சுமந்து கொட்டினாள். சோடா உப்பு கரைத்துத் துடைத்தாள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தாள். மூன்றரைக்கு எல்லாம் தயாராகிவிட்டது.

பிளக்கைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் உட்காரலாம் என்று கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடவில்லை. மேலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நான்கு மணி ஆயிற்று. முதுகு வலி மெல்ல இறங்கியது. பிளக் மடியில் கிடந்தது.

பின்வாசல் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு டோரீன் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் நடந்து, ஒரெஸ்டைச் சுற்றிக்கொண்டு நிலவறைப் படிக்கட்டின் மேல்படிக்கு வந்து கீழே குனிந்தாள்.

"ஏன்டி வெர்னா, வாசல்ல அண்டங்காக்கா ஒன் கறிப் பையக் கொத்துது. இந்தாளு மூக்கு வேற நீலமாயிடுச்சு. இன்னுமா சொருகாம இருக்க?"