சிரிக்க மறுத்த பெரியப்பா

முத்தியால்பேட்டையில் ஷூட்டிங்குக்கு எடுத்த வீட்டு வாசலில், இராமதாஸ் பாடைமேல் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஷாட் முடிந்து கால் மணி நேரமாகிறது. யூனிட் மொத்தமும் சுற்றி நின்று கெஞ்சுகிறது. மனுஷன் அசைவேனா என்கிறார்.

பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும். அதையும் படம் பிடித்தால்தான் தோஷம் கழியும். இல்லாவிட்டால் நடித்தவருக்கும் ஆகாது, யூனிட்டுக்கும் ஆகாது. இதை மீற எந்தக் கொம்பனுக்கும் துணிச்சல் கிடையாது. அந்தப் பயம்தான் இன்று இராமதாசிடம் மிஞ்சியிருந்த ஒரே பிடி.

குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. திருவிழா நாடகங்களில் ராஜா வேஷம் கட்டினார். சினிமாவில் நாற்பது படங்களுக்கு மாமனாராகவும் ஜட்ஜாகவும் வந்து போனார். கடைசியில் இந்த சீரியலில் பெரியப்பாவாக மூன்று வருஷம். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவன்கூட "வா பெரிப்பா" என்பான். ஆனால் இரண்டு மாதமாக வசனம் மனசில் நிற்கவில்லை. ஒரு வரிக்கு ஏழு டேக். அதனால்தான் கதையில் பெரியப்பாவுக்கு மாரடைப்பு. அறுபத்தெட்டு வயதில் இனி யார் கூப்பிடுவார்கள்?

"அண்ணே, ஒரே ஒரு சிரிப்பு. வெளிச்சம் போவுது," என்றார் கேமராமேன் வெற்றிவேல்.

"செத்தவன் எப்டிப்பா சிரிப்பான்? டைரக்டர வரச் சொல்லு."

டைரக்டர் கோபிநாத் வந்து பாடைக்குப் பக்கத்தில் குந்தினார். "என்னண்ணே, சின்னப் புள்ள மாதிரி?"

"தம்பி, என்ன சாவடிக்காத. கோமாவுல போட்டுடு. வசனமே வாணாம். சும்மா படுத்துக் கெடக்கறேன், மூஞ்சி தெரிஞ்சா போதும். ஒங்கால்ல வேணும்னாலும் வுழறேன்." மூக்கில் வைத்த பஞ்சு குரலை அடைத்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது.

கோபிநாத் வானத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷ வெளிச்சம் இருக்கும்.

"சரிண்ணே. டாக்டர் வந்து நாடி துடிக்குதுங்கறாரு. கோமா. போதுமா?"

இராமதாஸ் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். மாலையும் கழுத்துமாகக் கேமராவைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தார். இத்தனை வருஷத்தில் எந்த டைரக்டரும் அவரிடம் அப்படியொரு சிரிப்பை வாங்கியதில்லை.

"ஓகே," என்றார் வெற்றிவேல்.

"பேக்கப்!" கோபிநாத் எழுந்து விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார்.

"தம்பி, நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

கார் கதவு சாத்திக்கொண்டது. வெற்றிவேல்தான் மனசு கேட்காமல் கிட்டே வந்தார்.

"அண்ணே, ஒங்க பதினாறாம் நாள் காரியத்த நேத்தே எடுத்து முடிச்சாச்சி. எறங்குங்க, பாடைய வண்டியில ஏத்தணும்."

முகத்திலிருந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் இராமதாஸ் அப்படியே உட்கார்ந்திருந்தார்.